பையில் போட்ட ரிப்போர்ட்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நான் சூப்பர்வைசர். என் லைனில் தைக்கும் ரேவதி மூன்று மாத கர்ப்பிணி. காய்ச்சலும் தடிப்புமாக வந்தவளுக்குக் கம்பெனி நர்ஸ் ரத்தம் எடுத்து அனுப்பினார். முடிவு வரும்வரை எனக்குப் பொறுக்கவில்லை. கொசுவால் வரும் ஜிகா பற்றிப் போனில் பார்த்திருந்தேன். அவள் மாமியாரிடம், "புள்ள தலை சிறுத்துதான் பொறக்கும், வேணாம்மா" என்றேன். அந்த வாரமே கலைத்துவிட்டார்கள்.

எங்கள் கம்பெனியில் எந்தக் காகிதமும் சூப்பர்வைசர் கை வழியாகத்தான் போகும். "ஜிகா இல்ல, சாதா காய்ச்சல்தான். அவகிட்ட குடுத்துடுங்க" என்று அடுத்த வாரம் நர்ஸ் ரிப்போர்ட்டை நீட்டினார். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

வேலைக்குத் திரும்பிய ரேவதி என் கையைப் பிடித்து அழுதாள். "அக்கா, நீங்க மட்டும் சொல்லலன்னா இன்னா ஆயிருக்கும்!"

"போய் மெஷின்ல உக்காரு, வேலை ஜாஸ்தி கெடக்கு" என்றேன்.

இப்போது மறுபடி முழுகாமல் இருக்கிறாள். புருஷனுக்கும் முன்னால் என்னிடம் சொன்னாள். "எதுனா காய்ச்சல் வந்தா உங்களத்தான்க்கா கேப்பேன்."

தலையாட்டினேன்.