ஒழுகினசேரிப் பாலத்தில் நான் செய்த உதவி

எங்கள் வீட்டில் அந்த ஆடி மாதம் ஒரு காளை குறைவாகவும் ஒரு சைக்கிள் அதிகமாகவும் இருந்தது.

இரண்டு காளைகளில் மூத்தது சித்திரையில் வயிறு வீங்கிச் செத்துப்போயிற்று. முதல் போகமான கன்னிப்பூ உழவை அப்பா பக்கத்து வயல்காரரிடம் ஒரு காளையை இரவல் வாங்கி எப்படியோ முடித்துவிட்டார். அடுத்த போகமான கும்பப்பூவுக்கு இரவல் கிடையாது என்று அந்த மனிதர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். சைக்கிள் சித்தப்பாவுடையது. கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் நான்கு வருடம் பால் வெட்டிவிட்டு, கால் முழுக்க அட்டை கடித்த தழும்போடு அவர் ஊருக்குத் திரும்பியபோது கூடவே உருட்டிக்கொண்டு வந்தது அந்தச் சைக்கிளை மட்டும்தான்.

நாகர்கோயிலில் அப்போது ஒரு சைக்கிள் சங்கம் இருந்தது. துணிக்கடைக்காரர், ஆஸ்பத்திரி கம்பவுண்டர், தந்தி கொண்டுபோகும் சேவகன், இப்படிப் பதினான்கு பேர். ஒரு பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர்தான் எல்லாவற்றுக்கும் விசில் ஊதுவார். ஆண்டுதோறும் ஆடியில் ஒரு சனி, ஞாயிறு போட்டி வைப்பார்கள். சாரலும் காற்றும் பேயாக அடிக்கும் மாதத்தைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று கேட்டால், நல்ல வெயிலில் எவனும் ஓட்டிவிடுவானே என்பார் மாஸ்டர். சித்தப்பா இரண்டு வருடம் ஓட்டி இரண்டு தடவையும் தோற்றிருந்தார்.

பூதப்பாண்டிக்குத் தெற்கே எங்கள் ஊர். ஊர் அரிசி மில்லுக்காரருக்கு டவுனில் படிக்கும் மகன் ஒருவன் இருந்தான். சைக்கிளைக் கொடுத்தால் தன் தொழுவத்து வெள்ளைக் காளையை அவிழ்த்துத் தருவதாக அவர் சொல்லியனுப்பியிருந்தார். அப்பா ஒரு நாள் கஞ்சி குடித்துக்கொண்டே பேச்சை எடுத்தார்.

"இந்தா ஜெயிக்கேன், அந்தா ஜெயிக்கேன்னுதான் நீயும் சொல்லுக. இந்த ஆடியில ரெண்டு நாள்ல ஒரு நாளு ஜெயிச்சியானாலும் சைக்கிள் ஒனக்கு. பொறவு நான் வாயே தொறக்க மாட்டேன். இல்லேன்னா வெள்ளக்காளை நம்ம தொழுவத்துக்கு. என்ன சொல்லுக?"

"சரி அண்ணே," என்றார் சித்தப்பா.

எனக்கு அப்போது ஏழு முடிந்து எட்டு நடந்துகொண்டிருந்தது. பெடலில் நின்று, பாருக்கு அடியில் காலை நுழைத்து, அந்தச் சைக்கிளை வைக்கோல் படப்பைச் சுற்றி ஒரு சுற்று ஓட்டுவதற்குக் கற்றிருந்தேன். காளை வந்தால் அது போய்விடும். காளையை ஓட்டுவதில் எனக்கு ஒரு விருப்பமும் இல்லை.

சனிக்கிழமை விடியற்காலையில் சித்தப்பா காக்கி நிக்கர் போட்டுக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். அம்மா பார்த்துவிட்டு, "என்ன கொழுந்தனாரே, வேட்டி பாதியிலேயே தீந்து போச்சா?" என்றாள். சித்தப்பாவுக்கு வெட்கம். "வேட்டின்னா காத்து பிடிக்கும் மதினி," என்று சொல்லி என்னைத் தூக்கி முன்பாரில் உட்கார வைத்தார். என்னைக் கூட்டிப் போவதற்கு ஒரு காரணமும் கிடையாது. நான் அழுதேன், அவ்வளவுதான்.

சனிக்கிழமைப் போட்டி பள்ளிக்கூட மைதானத்தில். முந்தின நாளே சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள், மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. ஓலைக் கயிற்றை இழுத்துக் கட்டிப் பாதை பிரித்தார்கள். நாற்பது தப்படி தூரம்தான் இருக்கும். விசில் அடித்ததும் எல்லாரும் கிளம்பினார்கள். ஒருவருக்கும் அவசரமே இருந்ததாகத் தெரியவில்லை. துணிக்கடைக்காரர் ஏறின இடத்திலேயே ஆடிக்கொண்டு நின்றார். சித்தப்பா மட்டும் முன்னால் போய்க்கொண்டிருந்தார். முதுகுப் பக்கமிருந்து காற்று அவரைத் தள்ளிக்கொண்டு போயிற்று. நான் துள்ளிக் குதித்துக் கத்தினேன். பக்கத்தில் குடையோடு நின்ற ஒரு ஆள் என் மண்டையில் தட்டினார்.

"ஏலே, ஒஞ் சித்தப்பன் தோத்துக்கிட்டு கெடக்கான். நீ என்னத்துக்குல துள்ளுக?"

"முன்னாலதானே போறாரு?"

"அதுனாலதாம்ல தோக்கான்! கடைசீல வாறவனுக்குல்லா மாலை."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவர் சொன்னபடியே நடந்தது. முதலில் போய்ச் சேர்ந்த சித்தப்பா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு சைக்கிளை விட்டு இறங்கினார். எல்லாருக்கும் பின்னால், ஆமை மாதிரி வந்து சேர்ந்த துணிக்கடைக்காரருக்குச் செவ்வந்தி மாலை போட்டார்கள். அவர் தொப்பை குலுங்கக் கும்பிட்டார்.

அன்று வடசேரியில் அத்தை வீட்டில் தங்கினோம். சித்தப்பா ஒரு குச்சியால் சங்கிலியில் அப்பிய சேற்றை நோண்டி எடுத்துக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் குந்தியிருந்து கேட்டேன்.

"சித்தப்பா, பையப் போறவங்கதான் ஜெயிப்பாங்களா?"

"ஆமா. அது ஒரு கெட்டிக்காரத்தனம். பையச் சவுட்டுகதுதான் கஷ்டம்."

"அப்பம் நாளைக்கும் அப்படித்தானா?"

அவர் சங்கிலியின் கண்ணி ஒன்றை உற்றுப் பார்த்தபடி "ம்" என்றார்.

நான் கேட்டது அவர் காதில் விழுந்ததா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நான் அந்த "ம்"மைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைப் போட்டி வடசேரியில் தொடங்கி ஆரல்வாய்மொழியில் திரும்பி மறுபடி வடசேரி. போகும்போது காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்பும்போதுதான் தெரியும். பிறகு நான் எத்தனையோ ஊர்களில் லாரிக்கு மேலும் சத்திரத்துத் தரையிலும் கிடந்து மழையும் காற்றும் பார்த்திருக்கிறேன். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்று அடிப்பதுபோல எங்கும் கண்டதில்லை. நிற்கிற மாட்டு வண்டியைத் தானாக உருட்டிவிடும். அதை நெஞ்சில் வாங்கிக்கொண்டு தோவாளை, வெள்ளமடம் கடந்து ஒழுகினசேரிப் பாலம் வந்து சேர வேண்டும்.

விசில் அடித்ததும் சித்தப்பா முதல் ஆளாகப் பாய்ந்தார். நேற்றுச் செய்த தப்பையே மறுபடி செய்கிறாரே! "பைய! பையச் சவுட்டுங்க சித்தப்பா!" என்று பின்னாலேயே ஓடினேன். மழை இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. டிரில் மாஸ்டர் என் காதைப் பிடித்து ஓரமாக நிறுத்திவிட்டுப் போனார்.

அங்கே நின்று பயன் இல்லை என்று தோன்றியது. எல்லைக் கோட்டுக்கு வந்த பிறகு என்ன சொல்லி என்ன? தலையில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஒழுகினசேரிப் பாலம்வரை நடந்தேன். பழையாற்றில் செம்மண் வெள்ளம் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. சாயாக்கடைச் சாய்ப்பின் கீழ் பத்துப் பேர் பீடி பிடித்துக்கொண்டு கிழக்கே பார்த்து நின்றார்கள். எவ்வளவு நேரம் நின்றேனோ. பல் கிட்டி நடுங்கிக்கொண்டிருந்தேன்.

"ஒருத்தன் வாறான் பாருவே!" என்று யாரோ கத்தினார்கள்.

ஒரே ஒரு ஆள். தலை ஹேண்டில்பாருக்குக் கீழே கிடந்தது. காற்றில் சைக்கிள் ரோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்ந்து சாய்ந்து வந்தது. காக்கி நிக்கர். சித்தப்பாதான். அவருக்குப் பின்னால் கண் எட்டியவரை ரோடு வெறுமையாகக் கிடந்தது.

"பூதப்பாண்டிக்காரன்வே! கொள்ளாமே! இன்னும் கொஞ்சம்! விடாதே மக்கா!"

என்ன கொடுமைக்காரர்கள் என்று நினைத்தேன். தோற்கப்போகிற ஆளை இப்படியா விரட்டுவது? கூவிக் கூவிப் பார்த்தேன். அவர் நிமிரவே இல்லை. வேறு வழி தெரியாமல், சாக்கை எறிந்துவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ரோட்டுக்கு நடுவே போய் நின்றேன்.

பிரேக் பிடித்த சத்தம் கேட்டது. சைக்கிள் நனைந்த ரோட்டில் வழுக்கி, என்னைவிட்டு ஒரு சாண் விலகி, பாலத்தின் கைப்பிடிச் சுவரில் போய் மோதியது. சித்தப்பா சைக்கிளுக்கு அந்தப் பக்கம் கிடந்தார். முழங்காலில் தோல் வழன்று மழை வெள்ளத்தோடு ரத்தம் ஓடிற்று. அவர் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்துச் சிரித்தேன்.

சாயாக்கடை ஆட்கள் ஓடிவந்து என்னைப் பிடித்து உலுக்கினார்கள். "சவத்துப் பயலே, ஒனக்குக் கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு?" என்று ஒருவர் கேட்டார். எனக்கு எண்ணுகிற வேலை இருந்தது. தந்திச் சேவகன் போனான். கம்பவுண்டர் போனார். துணிக்கடைக்காரர்கூட மூச்சு வாங்கிக்கொண்டு போனார். ஒவ்வொருவர் கடந்துபோகும்போதும் எனக்கு நெஞ்சு நிறைந்தது.

முன்சக்கரம் பப்படம் மாதிரி நெளிந்துவிட்டது. உருளவில்லை. சித்தப்பா சைக்கிளைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"அவசரமே இல்ல சித்தப்பா," என்றேன் நான். "இன்னும் ரெண்டு பேரு வரணும்."

அவர் நொண்டிக்கொண்டு நடந்தார். அந்த இரண்டு பேரும் வழியில் எங்களைக் கடந்துபோனார்கள். வடசேரிக்குக் கடைசியாகப் போய்ச் சேர்ந்தவர் சித்தப்பாதான். ஆனால் மாலை தந்திச் சேவகன் கழுத்தில் கிடந்தது. மழையில் ஆள் அடையாளம் தெரியாமல் மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். சித்தப்பாவும் அதைக் கேட்டு வாங்குகிற ஆள் இல்லை. டிரில் மாஸ்டர் வந்து அவர் தோளில் கை வைத்தார். "என்னவே, எங்கவே விழுந்தீரு?" என்று கேட்டார். "காத்து சாச்சுப் போட்டுது மாஸ்டரே," என்றார் சித்தப்பா. காற்று ஒன்றும் சாய்க்கவில்லையே என்று நான் வாயெடுக்கும் முன்பே என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்துவிட்டார்.

ஊருக்கு நடந்தே வந்தோம். வழியெல்லாம் சித்தப்பா காற்று வருகிற பக்கத்தில் தான் நடந்து, என்னை மறு பக்கத்தில் விட்டுக்கொண்டு வந்தார்.

அப்பா தொழுவத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். சைக்கிளையும் சித்தப்பாவின் முழங்காலையும் பார்த்து, "என்னாச்சு?" என்றார். நான் முந்திக்கொண்டேன்.

"ஜெயிச்சாச்சுப்பா! பதினாலு பேருல சித்தப்பாதான் கடைசி!"

அப்பா வைக்கோலைக் கீழே போட்டார்.

"தோக்கத்தான் பாத்தாரு. பாலத்துல தனியா முன்னால வந்தாரு, பின்னால ஒருத்தனும் இல்ல. நான் குறுக்க போயி நிக்கலைன்னா மொதல்ல போயிருப்பாரு!"

வாசல்படியில் நின்ற அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா என்னைப் பார்த்தார், நெளிந்த சக்கரத்தைப் பார்த்தார், கடைசியில் தம்பியைப் பார்த்தார். "உள்ளதாலே, இவன் சொல்லுகது?" என்று மெதுவாகக் கேட்டார். சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அப்பாவின் கை என் பக்கம் ஓங்கியது. ஜெயித்த வீட்டில் எதற்கு அடி என்று எனக்குப் புரியவில்லை. சித்தப்பா இடையில் வந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சின்னப் பய. விடு அண்ணே. நான் தோத்தாச்சு. மில்லுக்காரர்ட்ட சொல்லிரு."

"யாருலே தோத்தா? நீதானே முன்னால வந்திருக்க?"

"கடைசீலதான் வந்தேன். மாஸ்டர் எழுதி வச்சிருக்காரு."

"மாஸ்டர் என்ன எளவையும் எழுதட்டும். எம் மவன் குறுக்க விழுந்து கெடுத்ததுக்கு நீ தோத்தவனா? சைக்கிள் ஒனக்குத்தான்."

"பேச்சுன்னா பேச்சு அண்ணே."

"நான் சொன்ன பேச்சுதானலே? நானே சொல்லுகேன், நீ ஜெயிச்சாச்சு!"

இரண்டு பேரும் முற்றத்து மழையில் நின்றபடி கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தலை சுற்றியது. சித்தப்பா ஜெயித்துவிட்டார் என்று அப்பா சொன்னது சரி, ஆனால் முன்னால் வந்ததால் என்று அவர் சொன்னது தப்பு. கடைசியில் வந்தேன் என்று சித்தப்பா சொன்னது சரி, ஆனால் அதனால் தோற்றேன் என்றது தப்பு. இவ்வளவு பெரிய ஆட்கள் ஆளுக்குப் பாதி தெரிந்துவைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்களே என்று நினைத்தேன்.

மறுநாள் சித்தப்பா பூதப்பாண்டிக்குப் போய்ச் சக்கரத்தை நிமிர்த்திக்கொண்டு வந்தார். சைக்கிள் நமக்குத்தான் என்று நான் மகிழ்ந்துபோனேன். அதற்கு மறுநாள் அப்பா வயலுக்குப் போயிருந்த நேரத்தில் அதை உருட்டிக்கொண்டு போனவர், திரும்பும்போது கையில் ஒரு கயிறும் கயிற்றின் மறுமுனையில் ஒரு காளையுமாக வந்தார். வெள்ளைக் காளை இல்லை. மோதின சைக்கிளுக்கு வெள்ளைக் காளை தர முடியாது என்றாராம் மில்லுக்காரர். ஒரு கொம்பு ஒடிந்த செவலை.

அப்பா வயலிலிருந்து வந்து பார்த்தார். காளைக்காக நான்கு மாதமாக அலைந்த மனிதர், அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மண்வெட்டியைச் சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார். சித்தப்பாவும் அதைத் தொழுவத்தில் கட்டவில்லை. அது முற்றத்தில் நனைந்துகொண்டே நின்றது. கடைசியில் அம்மாதான் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கி அதைப் பிடித்துக் கட்டினாள்.

அந்த வாரக் கடைசியில் சித்தப்பா மறுபடி கீரிப்பாறைக்குக் கிளம்பினார். வேட்டியும் ஒரு துணி மூட்டையுமாக வரப்பில் இறங்கி நடந்தவரை நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். எனக்கு அவர்மேல் கோபம்தான், சைக்கிளைக் கொடுத்ததற்கு. ஆனாலும் அவர் முகம் வாடியிருப்பதைப் பார்த்துத் தைரியம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

"அடுத்த ஆடிக்கு வேற சைக்கிள் வாங்கீருங்க சித்தப்பா. நீங்க ஒண்ணும் பயப்படாதீங்க. நான் அந்தப் பாலத்துல வந்து நிக்கேன்."

அவர் மூட்டையோடு அப்படியே வரப்பில் குந்திவிட்டார். முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கிற்று. கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரிக்கிறார் என்று கண்டு நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். திரும்பிப் பார்த்தபோது தொழுவத்து வாசலில் அப்பா நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரையும் வரச் சொல்லிக் கையை ஆட்டினேன்.