நாலு நாள் தூறல்

கோவில்பட்டியிலிருந்து புதூர் போகும் பேருந்து, டிரைவர் டீ குடிப்பதற்காக ஒரு தொடக்கப் பள்ளிக்கு எதிரே நிற்கிறது. ஐப்பசி பிறந்தும் கரிசல் வெடித்துக் கிடக்கிறது. நோட்டும் பென்சிலுமாக ஒரு சிறுமி என் ஜன்னலருகே வருகிறாள். பருவநிலை மாற்றப் பாடத்துக்காக, பெரியவர்களிடம் பழைய மழையைப் பற்றிக் கேட்டு எழுதச் சொல்லியிருக்கிறாராம் டீச்சர்.

"மாமா, நீங்க சின்னப்பிள்ளையா இருக்கும்போது ஐப்பசி மழை எப்படிப் பெய்யும்?"

நான் வளர்ந்தது பக்கத்திலுள்ள நாகலாபுரத்தில். முப்பது வருஷம் கழித்து இந்த வழியில் வருகிறேன்.

"நாலு நாள் நிக்காம தூறும். செருப்பைக் கையில எடுத்துக்கிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவோம். கரிசல் காலோட அப்பிக்கிட்டு வரும்." சொல்லும்போதே கணுக்காலில் அந்தக் குளிர்ச்சி தட்டுகிறது.

அவள் எழுதுவதை நிறுத்துகிறாள். "வெதைய அடிச்சிட்டுப் போயிராதா?"

"தூறல் எப்படிம்மா அடிச்சிட்டுப் போகும்?"

"போன வருசம் ஒரே நாள்ல கொட்டி எங்க உளுந்தெல்லாம் போச்சு. அப்பா இப்ப திருப்பூர்ல வேலைக்கு இருக்காவ."

டிரைவர் ஏறிவிட்டார்; பேருந்து நகர்கிறது.

"எத்தன நாளு தூறும் மாமா?" என்று கத்திக் கேட்கிறாள்.

நான்கு விரலைக் காட்டுகிறேன். பள்ளி வாசலில் நிற்கும் தலை நரைத்த டீச்சர், இல்லை என்று தலையாட்டி, சிரித்துக்கொண்டே ஐந்து விரலையும் விரித்துக் காட்டுகிறார்.