சிலோன் வார்டில் தொண்டை போன கதை

தேர்தல் வந்தா வேட்பாளருக்குக் கால் தேயும், எங்களுக்குத் தொண்டை தேயும். ஆட்டோ மேல குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கினு தெருத்தெருவா ஓட்டு கேக்குற சகாக்களே, உப்புத் தண்ணியில வாயைக் கொப்பளிச்சுக்கினே இதைப் படிங்க.

நான் திண்டிவனத்துப் பக்கத்து ஆளு. எங்க குடியிருப்பு ஏரி நடுவுல ஒரு மேடு. மழை பேஞ்சு ஏரி நெறைஞ்சா சுத்திலும் தண்ணி. டிராக்டர் டியூபு மேல பலகை கட்டின தெப்பம் ஒண்ணு, கரைக்குக் கரை ஒரு கயிறு. தெப்பத்துல நின்னு அந்தக் கயித்தை இழுத்துக்கினுதான் போவணும், வரணும். அதனால எங்க மேடும் கரைத் தெருவுங்களும் சேந்த வார்டுக்கே 'சிலோன்'னு பேரு. ஊராட்சித் தேர்தல்ல அந்த வார்டுக்கு ரெண்டே பேர் நின்னாங்க. கரையில உரக்கடை வச்சிருக்கிற மாசிலாமணி அண்ணன் ஒருத்தர். மேட்டுல மாடு வச்சு பால் ஊத்துற கஸ்தூரி அக்கா இன்னொருத்தர். அக்கா கேட்டது ஒண்ணே ஒண்ணு, தெப்பத்துக்குப் பதிலா ஒரு பாலம். அண்ணன் கோயிலுக்கு ஷெட்டு போடறேன்னாரு. சுத்துவட்டாரத்துல மைக் ஆட்டோ என்னுது ஒண்ணுதான், அதனால காலையில அண்ணனுக்கு, சாயங்காலம் அக்காவுக்கு.

சீப்பு

மாசிலாமணி அண்ணனுக்குத் தலை வழவழன்னு இருக்கும். அவருக்குன்னு பாத்து சீப்பு சின்னம் குடுத்தாங்க. மொத நாள் தலையில துண்டைக் கட்டிக்கினு வந்து வண்டியில ஏறினாரு. நான் சும்மா இருக்கக் கூடாதா? 'வார்டுல இருக்கிற சிக்கலையெல்லாம் சீவித் தள்ளுவார்'னு எடுத்து வுட்டேன். தெருவே வாயைப் பொத்திக்கினு நின்னுது. அண்ணன் மைக்கைப் புடுங்கி ஆஃப் பண்ணாரு.

"சின்னத்தைச் சொல்லும்போது என் தலையைப் பாக்காதே தம்பி, சனம் சிரிக்குது."

காலை வாய், சாயங்கால வாய்

ஒரே வாயால ரெண்டு பேருக்குக் கத்தினா என்ன ஆவும்னு உங்களுக்குத் தெரியாததா? அக்கா சின்னம் பூட்டு சாவி. ஒரு நாள் சாயங்காலம் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, புடுங்குற கொல்லை ஓரமா வண்டியை நிறுத்தி, 'உங்கள் அன்புச் சகோதரி கஸ்தூரி, சின்னம் சீப்பு, சீப்பு, சீப்பு'ன்னு மூணு தடவை அடிச்சு வுட்டுட்டேன். அக்கா முதுகுல ஒண்ணு வச்சாங்க. பதறிப்போய், சீப்பு இல்லீங்க, பூட்டு சாவின்னு திருத்தினேன். கொல்லையில ஒரு பொம்பளை நிதானமா இடுப்பை நிமித்தி என்னைப் பாத்துச்சு.

"நீ ஒரு முடிவுக்கு வாப்பா, அப்புறம் நாங்க வர்றோம்."

ஏரின்னு எழுதுங்க

இந்தப் பேஜாரெல்லாம் உனக்கு எதுக்குக்கா, மாட்டைப் பாத்துக்கினு இருக்கலாமில்லன்னு ஒரு நாள் கேட்டுட்டேன். போன மழைக்கு அவங்க மருமவளுக்கு வலி எடுத்து, தெப்பத்துல ஏத்திக்கினு போயிருக்காங்க. பாதித் தண்ணியில பொண்ணு பொறந்துடுச்சு. தாயும் புள்ளையும் பொழைச்சது பெரிய விஷயம்னு அக்கா கையெடுத்துக் கும்பிட்டாங்க.

"ஆஸ்பத்திரியில பொறந்த எடம் கேட்டாங்க, ஏரின்னு எழுதிக்கோங்கன்னு சொன்னேன்."

ஓட்டு நாள்

பிரச்சாரம் முடியும்போது என் தொண்டையும் முடிஞ்சு போச்சு. காத்துதான் வருது, சத்தம் வரலை. ஓட்டுச்சாவடி அக்கரைப் பள்ளிக்கூடத்துல, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க. வீட்டுக்காரி காலையிலேயே ஓட்டு போட்டுட்டு அப்படியே வேலைக்குப் போயிட்டா. செத்த நேரம் படுத்து எழுந்து போயி அக்காவுக்கு ஓட்டு குத்திட்டு வரலாம்னு சாஞ்சேன், எத்தனையோ நாள் தூக்கம் மொத்தமா வந்து அமுக்கிடுச்சு. முழிச்சப்போ சாயங்காலம் நாலரை. அலறி அடிச்சு ஓடினா தெப்பம் அக்கரையில இருக்குது. சிலோன்ல தெப்பத்தைக் கூப்புட்ற வழி ஒண்ணுதான், கரையில நின்னு 'ஓஓய்'னு கத்தணும்.

ஊருக்கே கத்தினவன் அன்னிக்கு வாயைத் தொறந்தா ஒரு 'ஓய்' வரலை. மைக்கு அக்கரையில, ஆட்டோவுல. செல்லும் ஆட்டோவுலதான் சார்ஜ்ல கெடக்குது. நீச்சலும் எனக்கு வராது, சிரிக்காதீங்க. எனக்காகக் கத்த மேட்டுல ஆளும் இல்ல, எல்லாரும் ஓட்டு போட அக்கரைக்குப் போயிட்டாங்க. துண்டை ஆட்டிப் பாத்தேன், ஒருத்தரும் திரும்பலை. அஞ்சு மணி தாண்டி தெப்பம் வந்துது. மொத ஆளா எறங்கினான் பக்கத்து வூட்டுக்காரன்.

"என்ன மைக்கு, எங்களை வரவேற்கவா நிக்கிறே?"

குலுக்கல்

எண்ணினா ரெண்டு பேருக்கும் சரிசமமான ஓட்டு. மறுபடி எண்ணியும் அதே கணக்கு. சீட்டு எழுதிக் குலுக்கினாங்க, சீப்பு வந்துது. ஏஜெண்டுங்க பட்டியலைப் புரட்டினா, மேட்டுல டிக் விழாத பேரு ஒண்ணே ஒண்ணு, என்னுது. மாசிலாமணி அண்ணன் கழுத்து மாலையைக் கழட்டி என் கழுத்துல போட்டாரு.

"நீ கத்தி நான் ஜெயிக்கலை தம்பி, நீ தூங்கி ஜெயிச்சேன்."

பூமி பொளந்து உள்ளே போயிடலாம் போல இருந்துச்சு. மாலையைக் கழட்டி வச்சுட்டு அக்காவைத் தேடிக்கினு போனேன். தெப்பத்துல பால் கேனை ஏத்திக்கினு இருந்தாங்க. திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். திட்டலை. கயித்தை எடுத்து என் கையில குடுத்தாங்க.

"ஊர்ல எல்லார்கிட்டயும் ஓட்டு கேட்டேன் தம்பி, கூடவே இருக்கியேன்னு உன்கிட்ட கேக்க மறந்துட்டேன்."

தொண்டை எனக்குத் திரும்பி வந்துடுச்சு, பாலம்தான் வரலை, அதனால தினம் விடிஞ்சா அக்காவோட பால் கேனுக்குக் கயிறு இழுக்கிறவன் நான்தான்.