குண்டுத் தளத்துக்குப் பின்னால் உள்ள மூலை

நடந்ததை வரிசைப்படுத்தினால் இவ்வளவுதான்.

1. நகரசபைப் பூங்காக்களின் வரைபடத்தில் ஒரு மூலையை ‘களை, மருந்து தெளிக்கவும்’ என்று குறித்தேன். மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்துக் குறிக்கும் வேலை. படத்தில் பூங்காவின் பெயர் இருக்காது, இலக்கம் மட்டும்தான்.
2. தெளிக்கும் நாள் திங்கட்கிழமை காலை என்று முடிவானது.
3. ஞாயிறு பின்னேரம் அம்மா போன் எடுத்து, “நாளைக்கு வெயில் ஏற முதல் முன்வீட்டு அன்ரியோட பழைய பார்க்குக்குக் கீரைக்குப் போறன். உனக்கும் எடுத்து வைக்கட்டோ?” என்று கேட்டார்.
4. மடிக்கணினியைத் திறந்து, நான் குறித்த இலக்கம் எந்தப் பூங்கா என்று தேடினேன். அதே மூலை.

அந்த நேரத்தில் என் கண்முன் வந்தது அன்ரியின் கத்திதான். தீட்டித் தீட்டி விரல் நீளத்துக்குத் தேய்ந்த அலகு. பிடியைச் சுற்றி வயர்காரர்கள் ஒட்டும் சிவப்பு டேப்.

மெல்பேர்ணின் வடக்கில் அந்தத் தெருவுக்கு நாங்கள் குடிவந்தபோது எனக்கு ஒன்பது வயது. எங்களைத் தவிர அநேகமாக எல்லோரும் இத்தாலியர்கள். முன்வளவில் புல்லுக்குப் பதிலாக அவரைக்கொடி நிற்கும். சனிக்கிழமைகளில் பூங்காவின் மண்தளத்தில் ஆண்கள் குண்டு உருட்டி விளையாடுவார்கள். எந்தக் குண்டு இலக்குக் குண்டுக்குக் கிட்ட நிற்கிறது என்று சண்டை வந்தால் ஒருவர் இடுப்புப் பட்டியைக் கழற்றி அளப்பார். தளத்துக்குப் பின்னால், குழாய் ஒழுகும் ஈரத்தில், பருப்புக்கீரை தானாகப் படர்ந்திருந்தது. அதைக் கண்ட அன்றே அம்மா குந்தியிருந்து வேரோடு பிடுங்கத் தொடங்கிவிட்டார். பக்கத்தில் குந்தியிருந்த முன்வீட்டு இத்தாலிய அன்ரி அவருடைய கையில் ஓர் அடி போட்டார். பிறகு கத்தியால் தண்டை மட்டும் வெட்டிக் காட்டினார். வேரை விட்டால் திரும்ப வரும் என்பதைச் சொல்ல இருவருக்கும் பொதுவான மொழி இருக்கவில்லை.

அன்று மாலை எங்கள் வாசலில் ஒரு பெட்டி தக்காளியும், என் அளவில் ஒரு குளிர்கோட்டும் இருந்தன. அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்களை என்ன, இல்லாத ஆக்கள் எண்டு நினைச்சிட்டாவோ?”

“சும்மா இருங்கோ. அவவுக்குத்தான் இல்லை. இல்லாட்டி வயசுபோன மனிசி பார்க்கில குந்தியிருந்து கீரை வெட்டுவாவே?” என்ற அம்மா, ஒரு சட்டி புட்டும் ஐந்து கிலோ அரிசியும் என்னிடம் கொடுத்து அனுப்பினார். அடுத்த கிழமை அங்கிருந்து ஒலிவ் எண்ணெய் வந்தது. இங்கிருந்து மறுபடியும் அரிசி போனது. அந்தக் கோடை முழுவதும் நான் தெருவின் குறுக்கே சுமந்துகொண்டே இருந்தேன்.

ஒரு நாள் அன்ரி என்னை நிறுத்தி, தன் உடைந்த ஆங்கிலத்தில், “உன் அப்பாவுக்கு வேலை இல்லையா?” என்று மெதுவாகக் கேட்டார். கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் இருக்கிறது, சாப்பாட்டுக்குக் குறைவில்லை, நீங்கள்தான் கஷ்டப்படுவதாக அம்மா நினைக்கிறார் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உள்ளே கூட்டிப் போய் அலமாரியைத் திறந்தார். எங்கள் அரிசிப் பைகள் பிரிக்காமலே ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. எங்களுக்கு ஒன்றும் இல்லாத நாள் வந்தால் திருப்பித் தர வைத்திருந்தாராம்.

அதன் பிறகுதான் இருவரும் எங்கள் குசினியில் ஒன்றாக இருந்து கீரை துப்பரவாக்கத் தொடங்கினார்கள். அன்ரி அதைத் தக்காளியோடு பச்சையாகச் சாப்பிடுவார். “மாடு மாதிரித் தின்னுறா” என்று அம்மா என்னிடம் சொல்வார். அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. மற்றதையெல்லாம் மொழிபெயர்த்தேன். இடம்பெயர்ந்து வன்னியில் இருந்த நாட்களில் இந்தக் கீரையை உப்பு மட்டும் போட்டு அவித்துச் சாப்பிட்டதை அம்மா சொன்னார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், சிறுமியாக, இத்தாலியில் தன் ஊரில் இதையே தின்றதை அன்ரி சொன்னார். இல்லாதவர் என்று ஒருவரைப் பற்றி ஒருவர் நினைத்ததில் பெரிய பிழை இல்லை. பழைய நாட்களின் பசியைத்தான் இருவரும் அடையாளம் கண்டிருந்தார்கள்.

ஞாயிறு மாலையே மேற்பார்வையாளருக்கு எழுதினேன். பட்டியலை மாற்றக் காரணம் வேண்டும் என்றார். ‘இது களை அல்ல. இரண்டு பேர் சாப்பிடுகிறார்கள்’ என்று எழுதினேன். எந்த இரண்டு பேர் என்று கேட்டார். ‘ஒருவர் என் அம்மா’ என்றேன். அதற்குப் பதில் வரவில்லை.

எனவே திங்கள் ஏழு மணிக்கு அந்த மூலையில் போய் நின்றேன். தெருவில் பாதி வீடுகள் இடிபட்டு இரண்டு மாடிகளாக எழுந்திருந்தன. குழாய் இன்னும் ஒழுகியது. முதுகில் மருந்துக் கலனோடு வந்தவரின் போனில் பழைய வரைபடம்தான் இருந்தது. அவரிடம் நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, வயதானவர்கள் பிடித்து நடக்கும் தள்ளுவண்டியோடு அன்ரியும், நாங்கள் பிறகு குடிபோன ரோவிலிலிருந்து காரில் வந்திருந்த அம்மாவும் சேர்ந்து வந்தார்கள். யார் குறித்தது என்று அன்ரி கேட்டார். நான்தான் என்றேன்.

“நீயா? இதைத் தின்றுதானே இவ்வளவு உயரம் வளர்ந்தாய்!”

“உன்னை எஞ்சினியருக்குப் படிப்பிச்சது இதுக்கோ?” என்றார் அம்மா.

மருந்துக்காரர் மேற்பார்வையாளருக்குப் போன் எடுத்தார். இந்த மூலையை இன்றைக்கு விடும்படி அங்கிருந்து சொல்லப்பட்டது. பிறகு கலனின் குழாயை மடித்துச் செருகிக்கொண்டு, வேலியோரம் உள்ள மற்ற இடத்துக்கு நடந்தார். அன்ரியால் இப்போது குந்தியிருக்க முடியாது. தள்ளுவண்டியின் இருக்கையில் அமர்ந்து, சிவப்பு டேப் சுற்றிய கத்தியை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா வெட்டினார், வேரை விட்டு. ஒரு தண்டு வேரோடு வந்தபோது அன்ரி குனிந்து அவருடைய கையில் அடித்தார்.

இன்றைய நிலை: அந்த மூலை இந்தக் கோடைக்குப் பட்டியலில் இல்லை. மண்ணைப் பரிசோதித்தோம், பயப்பட ஒன்றும் இல்லை. குளிர்காலத்துக்கு முன் அதைப் பட்டியலிலிருந்து நிரந்தரமாக நீக்குவது பற்றி முடிவெடுப்பார்கள். விண்ணப்பத்தை நான் எழுதிக் கொடுத்துவிட்டேன். அன்ரி திருப்பி வாங்காத கத்தி அம்மாவின் குசினி லாச்சியில், கரண்டிகளோடு இருக்கிறது.