மூன்றில் இருந்த வண்டி

சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த முத்துப்பேச்சிக்கு அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் துணியைத் திருப்பிப் பார்த்து ஓட்டையும் எண்ணெய்க்கறையும் கண்டுபிடிக்க வேண்டும். கண்ணுக்கும் கைக்கும்தான் பாடு. சின்ன வயதில் போலியோ வந்து சூம்பிப்போன வலது கால் அங்கே தொந்தரவு இல்லை. போய்ச் சேருவதுதான் பாடு. டவுன் பஸ்ஸின் படியில் அவளால் ஏற முடியாது. புருஷன் வீரணன்தான் வருஷக்கணக்காகச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டான்.

2009இல் அவன் சாயப்பட்டறையில் ராத்திரி ஷிப்டுக்கு மாறினான். விடிந்து வந்ததும் தூக்கம் வழியும் கண்ணோடு மறுபடி அவன் சைக்கிள் மிதிப்பதைப் பார்க்கச் சகிக்காமல், அவளே பிடிவாதம் பிடித்து பேட்டரி சைக்கிள் வாங்க வைத்தாள்.

கடைக்காரர் திருமூர்த்தி சுருக்கமாகத்தான் சொன்னார். “நீங்க மிதிச்சாத்தானுங்க மோட்டாரும் கூட வரும். இந்தப் பட்டனை அமுக்குனா ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு லைட் எரியும். நம்பர் ஏற ஏற உங்களுக்குச் சுளுவுங்க அம்மிணி.”

மிச்சத்தை அவளே ஓட்டிக் கற்றுக்கொண்டாள். ஒன்றில் வைத்தால் யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும், காலுக்கும் வேலை இருக்கும். சாயங்கால மேட்டுக்கு ரெண்டு. மூன்றை ஒரேயொரு முறை காலி ரோட்டில் போட்டுப் பார்த்துப் பயந்துவிட்டாள். கரண்ட் போய்ப் போய் வருகிற காலத்தில், மூன்றில் ஓட்டினால் வீடு திரும்பப் பேட்டரியும் மிஞ்சாது.

அன்று காலையில் வீரணன் வண்டியைத் துடைத்து, சாவி போட்டு, வாசலில் தயாராக நிறுத்தியிருந்தான். ஏறி மிதித்ததும் வண்டி விசுக்கென்று இழுத்தது. நேற்று கரண்ட் போகவில்லை, முழு சார்ஜ் ஏறியிருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டாள். கால் நோகாமல் போவது சுகமாகவும் இருந்தது.

பல்லடம் ரோட்டுத் திருப்பத்தில் துணி ஏற்றிய லாரி ஒன்று திரும்ப, எல்லோரும் நின்றார்கள். அவள் இடது காலை ஊன்றி, வலது காலைப் பெடலில் வைத்திருந்தாள். லாரி வழி விடுகிறது என்று நினைத்துப் பெடலை லேசாக அழுத்தினாள். அவ்வளவுதான். வண்டி பாய்ந்தது. பிரேக்கைப் பிடிப்பதற்குள் முன்னால் நின்ற மொபட்டில் மோதினாள். அதில் இருந்த பெரியவர் பால் கேனோடு சரிந்தார். அவருடைய மணிக்கட்டு திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

கூட்டத்தில் ஒருவர் சொன்னார், “கால் இப்படி இருக்கற பொம்பளைக்கு எதுக்குங்க மோட்டார் வண்டி?”

அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. “எந் தப்புதாங்கய்யா,” என்றாள் பெரியவரிடம். அவர் பெயர் சாமியப்பன் என்பதும், பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்பதும் அவரை ஆட்டோவில் ஏற்றும்போதுதான் தெரிந்தது. பிறகு வண்டியை நிமிர்த்தினாள். மூன்று விளக்கும் எரிந்துகொண்டிருந்தன.

அதை மூன்றில் யார் வைத்திருப்பார் என்று அவள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, மோதி விழுந்ததைச் சொன்னாள், விளக்கைச் சொல்லவில்லை. “இனி நீ அதத் தொட வேண்டாம். நானே கொண்டுபோயி விடுதேன்,” என்றான் வீரணன். நாலு நாள் விட்டான். ஐந்தாம் நாள் கண் சொருகி, ரோட்டின் நடுவே போய்விட்டான். பின்னால் வந்த பஸ் உரசாத குறை. சொன்னால் மனுஷன் உடைந்துபோவான், சொல்லாவிட்டால் ரெண்டு பேரும் ரோட்டிலேயே செத்துப்போவோம் என்ற நினைப்பில் அவளுக்கு அன்று முழுக்கத் துணியில் கண் ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, வளைந்த மட்கார்டைச் சரிசெய்ய என்று அவனையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். ஒவ்வொரு நம்பரும் என்ன செய்யும் என்று காட்டச் சொன்னாள். திருமூர்த்தி வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிக் கையால் பெடலைச் சுற்றினார். ஒன்றில் சக்கரம் நிதானமாகச் சுழன்றது. மூன்றில், அதே சுற்றுக்குச் சீறிக்கொண்டு சுழன்றதில் ஸ்டாண்டே அதிர்ந்தது.

“நின்ன எடத்துல மூணுல இருந்தா, கால் பட்டாலே பாயுமுங்க. கெளம்பறப்ப ஒண்ணுலதானுங்க வைக்கோணும்,” என்றார்.

வெளியே வந்ததும் வீரணன் நடக்காமல் நின்றுவிட்டான்.

“நாந்தான் மூணுல வச்சேன். முந்துன நாளு கால் வலிக்குன்னியே, லேசா இருக்கட்டுமேன்னு.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் சொல்லல?”

“சொன்னா நீங்க சோறு திங்க மாட்டீக. எனக்கும்தான் வேகம் தெரிஞ்சுது. எறங்கிப் பாத்திருக்கணும், பாக்கல.”

அன்று சாயங்காலமே தோட்டத்துக்குப் போனார்கள். சாமியப்பன் கட்டுப்போட்ட கையோடு கட்டிலில் இருந்தார். அவர் மனைவி மயிலாத்தாள் தனியாக மாடு கறந்துகொண்டிருந்தாள். வீரணன் நடந்ததைச் சொன்னான்.

“ஆரு தப்பா இருந்தா என்னங்க,” என்றார் சாமியப்பன். “ஆறு வாரத்துக்கு என்னால பால் கொண்டுபோக முடியாதுங்களே.” குரலில் கோபமில்லை. அதுதான் முத்துப்பேச்சிக்குத் தாங்கவில்லை.

“கை கூடுற வரைக்கும் நான் கொண்டுபோறேன், ஐயா,” என்றான் வீரணன். மயிலாத்தாள் பால் சொசைட்டிக்குப் போகிற வழியைச் சொன்னாள்.

ஷிப்ட் முடிந்த கையோடு அவன் பால் கேனோடு போக, முத்துப்பேச்சியைக் கொண்டுபோய் விட ஆளில்லை. திங்கட்கிழமை அவளே வண்டியை எடுத்தாள். ஏறுமுன் விளக்கைப் பார்த்தாள், ஒன்று. திருப்பம் வந்ததும் சாவியை அணைத்து, இறங்கித் தள்ளிக்கொண்டே கடந்தாள். ஆறு வாரம் கழித்துக் கட்டுப் பிரித்தபின்னும் சாமியப்பனுக்கு ரெண்டு விரல் முழுதாக மடங்கவில்லை. மறுபடி மொபட்டில் வர ஆரம்பித்தவர், அதே திருப்பத்தில் அவளைக் கண்டால் தலையசைப்பார். அவளும் தலையசைத்துவிட்டு, தள்ளிக்கொண்டே போவாள்.