அருணாதேவியும் சாய்ந்த பாலமும்

பாலத்தின் கைப்பிடிக் கம்பியில் உள்ளங்கையை வைத்துவிட்டால் அருணாதேவி யாருக்கும் பதில் சொல்வதில்லை. பள்ளிப் பிள்ளைகள் தடதடவென ஓடிக் கடப்பார்கள். இரும்புக்குள் ஓடிய நடுக்கம் அடங்கிய பிறகுதான் பக்கத்தில் நிற்பவரைத் திரும்பிப் பார்த்து, "ம், சொல்லுங்க" என்பாள்.

செங்கம் சாலைக்கு மேலே நிற்கும் அந்த நடைமேம்பாலம் அவள் வரைந்தது, அவள் கணக்கில் எழுந்தது. நடுவில் தூணே கிடையாது. ஒற்றை எஃகு வளைவு ஒருபக்கமாகச் சாய்ந்து, மெல்லிய கம்பிகளால் நடைபாதையைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. எங்கே நின்றாலும் மலை மறையக்கூடாது என்பது அவள் பிடிவாதம். வெளியூர்க்காரர்கள் அதைச் சிற்பம் என்று சுற்றிச்சுற்றிப் படமெடுக்கிறார்கள். டீக்கடை அப்பாதுரைக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை.

"இன்னா மேடம், சாஞ்சிக்கினு நிக்குது. வுழுந்துடாதா?"

"சாஞ்சாத்தாண்ணா அது நிக்கும்."

சொல்லிவிடுவாளே தவிர, அவளே நிம்மதியாக இருப்பவள் அல்ல. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தல் காலை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள். வேங்கிக்கால் வீட்டில் மின்விசிறி லேசாகத் தள்ளாடினாலும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து நாற்காலி மேல் ஏறிவிடுவாள்.

போன பௌர்ணமியன்று, நிலா எழும் நேரத்தில், கிரிவலக் கூட்டம் பாலத்தை அடைத்துக்கொண்டு நகர்ந்தது. நடுவில் அவளும் இருந்தாள். பின்னால் ஒரு குழு பம்பை அடித்தபடி ஏறியது. அடிக்கு அடி எல்லாக் கால்களும் ஒன்றாக விழுந்தன. பாலம் பக்கவாட்டில் அசைந்தது. தடுமாறாமலிருக்க ஜனங்கள் காலை அகட்டி வைக்க, ஆட்டம் இன்னும் வளர்ந்தது.

"பாலம் ஆடுதுடோய்!"

கூட்டம் படிக்கட்டை நோக்கிப் பாய்ந்தது. பாலம் விழாது என்று அவளுக்குத் தெரியும். படியில் மனிதர்கள் விழுவார்கள் என்பதும் தெரியும். அவள் கத்தினாள்:

"பம்பையை நிறுத்துங்க! அப்படியே உக்காருங்க!"

யார் காதிலும் விழவில்லை. அவளே தரையில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த அம்மாளின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"விடும்மா! என் மவ முன்னால போறா!"

"நீங்க ஓடுனா அவளைத்தான் நெருக்குவாங்க. உக்காந்து கூப்பிடுங்கம்மா!"

அந்த அம்மாள் தடாலென உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினாள்: "எழிலு! உக்காருடி!"

அந்தக் குரலுக்குப் பம்பையே நின்றது. முன்னால் ஒரு பெண் உட்கார்ந்தாள். அவளைப் பார்த்து நாலு பேர், பிறகு வரிசை வரிசையாக. ஆட்டம் மெல்ல அடங்கியது. ஒருவருக்கு மணிக்கட்டு முறிந்ததோடு போயிற்று.

மறுநாள் காலை, பாலத்தை மூடச் சொல்லி அவள் போய் நின்றபோது, நெடுஞ்சாலைத் துறை அதிகாரி சமாதானம் சொன்னார்: "அதான் ஒண்ணும் ஆகலையே மேடம். நீங்களே மூடச் சொன்னா உங்க பேருதான் கெடும்."

"கெடட்டும் சார். கூட்டம் ஒண்ணா கால் வெச்சா இவ்ளோ ஆடும்னு நான் நெனைக்கல. கம்மியா கணக்குப் போட்டுட்டேன். ஆட்டத்தை அடக்குற எடையை அடியில மாட்டுற வரைக்கும் யாரும் ஏற வேணாம்."

மூடச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. தடுப்புதான் இன்னும் வந்து சேரவில்லை. பூவும் கேமராவுமாக ஒரு புதுக் கல்யாண ஜோடி படியருகே வந்தது. "ஒரே ஒரு போட்டோக்கா, எடுத்துட்டு இறங்கிடுறோம்."

அருணாதேவி முதல் படியில் ஏறி, தன் பாலத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இரண்டு கைகளையும் அகல விரித்து நின்றாள்.