பெரிய தாத்தா எண்ணிய அடிகள்

இன்று காலை தேயிலைத் தோட்டத்துப் பெரட்டில், வேலைக்கு ஆள் எண்ணும் வரிசையில், கங்காணி என்னைப் பிரம்பால் அடித்தார். நேற்று என் கொழுந்துக் கூடையில் முத்தல் இலை கிடந்ததாம்.

முதுகில் முதல் அடி விழுந்ததும், ஆள் முன்னால் வாயே திறக்காத நான், "ஒன்னு!" என்று கத்திவிட்டேன்.

போன மாதம் செத்துப்போன பெரிய தாத்தாவின் பழக்கம் அது. பர்மா சண்டைக்குப் போன சிப்பாய். பட்டாளத்தில் அடி வாங்குகிறவனே எண்ண வேண்டும் என்பார். இதே கங்காணி அவரை அடித்தபோதும் எண்ணினார். "இது சரியா விழலைங்க, மறுபடி போடுங்க" என்று வாயில் ரத்தத்தோடு திருத்தினார்.

"என்னடி, கிழவன் பேய் புடிச்சிருச்சா?" கங்காணி மறுபடியும் ஓங்கினார்.

"ரெண்டு!"

மூன்றாவதில் தோல் கிழிந்தது. எனக்குக் குரல் வரவில்லை.

பின்னால் நின்ற அம்மா, "மூணு" என்றாள்.

நான்காவதைப் பெரட்டில் நின்ற பெண்கள் எல்லாரும் எண்ணினார்கள்.

கங்காணி பிரம்பை இறக்கினார். "போங்கடி மலைக்கு!"

குப்புறப் படுத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். நாளைக்கும் பெரட்டு உண்டு. இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான், நூறுவரைதான் எண்ணத் தெரியும். அதற்குமேல் விழுந்தால் உங்களில் யார் எண்ணுவீர்கள்?